வாசலை அளக்கும் சட்டமும் அளக்காமல் விட்ட வீதியும்
கண்டி நகரில் மது விநியோகத்துக்கான உள்ளூர் அனுமதி பற்றி

கண்டிக்குள் ஒரு பாரவண்டி நுழைய மூன்று வாசல்களே உண்டு என்று சொல்லலாம். கொழும்பிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வருவது பேராதனை, கெட்டம்பே வழியே வரும். குருநாகல், மாத்தளைப் பக்கத்து வண்டி கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தாண்டும். மகியங்கனை வீதியில் வருவது தென்னக்கும்புரையில் அதே ஆற்றைக் கடக்கும். ஒரு பக்கம் ஹந்தானை, மறுபக்கம் உடவத்தகலைக் காடு, நடுவில் கிண்ணம் போல நகரம். அந்தக் கிண்ணத்தின் அடியில் வாவியும் தலதா மாளிகையும், அவற்றை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய வீதிகளும் இருக்கின்றன. மன்னர் காலத்தில் ஆட்களும் யானைகளும் நடப்பதற்காக வகுத்த அந்த வீதிகளில்தான் இன்று பஸ்ஸும் பாடசாலை வேனும் சரக்கு லொறியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன.

இந்த நகரை வைத்து ஒரு கேள்வியை ஆராய விரும்புகிறேன். கண்டியிலோ அதன் சுற்றுப்புறத்திலோ சிறிய பீர் ஆலை ஒன்று எழுகிறது என்று கொள்வோம். அது தன் சரக்கை மொத்தமாக ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்கு அனுமதி தருவது யார்? எதைப் பார்த்துத் தருகிறார்கள்? தெருவில் குடியிருப்பவருக்கு அதில் பேச இடம் உண்டா?

சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், இலங்கையின் மதுச் சட்டம் நூறாண்டுக்கு மேலாக எதைப் பார்த்தது, எதைப் பார்க்காமல் விட்டது என்பதை இது வெளியே கொண்டுவருகிறது. சட்டம் இரண்டை அளக்கிறது: போத்தலுக்குள் எவ்வளவு மதுசாரம் என்பதை வரிக்காக அளக்கிறது, கடை வாசல் பள்ளியிலிருந்தும் விகாரையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்பதை ஒழுங்குக்காக அளக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வீதியை அது அளப்பதில்லை. கண்டி போன்ற நகரில் மது குடியிருப்பாளரின் வாழ்வைத் தொடுவது பெரும்பாலும் அந்த வீதியில்தான் என்பதே என் வாதம்.

மலையிலிருந்து இறங்கிய பீர்

இலங்கையில் பீர் தொடங்கியது மலையில். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், அடுத்த ஆண்டே அங்கே சிறிய அளவில் பீர் வடிக்கத் தொடங்கினார். பின்னாளில் நைல் நதியின் மூலங்களைத் தேடிப் போய்ப் புகழ்பெற்றவரும் இவரே. 1881இல் அதே ஊரில் சிலோன் புரூவரி வணிக ஆலையாக எழுந்தது. குளிர்ச்சியும் தெளிந்த மலைநீரும் இயற்கையாகவே கிடைத்த இடம் அது. குளிரூட்டும் இயந்திரம் பரவாத காலத்தில் பீருக்கு அதைவிட நல்ல இடம் இத்தீவில் கிடைத்திருக்காது. கண்டிக்கு 1867இல் வந்த ரயில், 1885இல் நானுஓயாவை எட்டியது. மலையிலிருந்து பாரம் இறங்க வழி பிறந்தது.

நூறாண்டுக்கு மேல் அந்த ஆலை மலையிலேயே இருந்தது. குளிரூட்டலும் நீர்ச் சுத்திகரிப்பும் வந்தபின் மலையின் வரப்பிரசாதம் பாரமாகிவிட்டது. மோல்ட் எனப்படும் முளைத்த வாற்கோதுமை துறைமுகத்தில் வந்திறங்கியது. குடிப்பவரில் பெரும்பாலோர் மேல் மாகாணத்தில் இருந்தார்கள். ஆலை மட்டும் றம்பொடைக் கணவாய்க்கு மேலே நின்றது. 1998இல் களனி கங்கைக் கரையோரத்துப் பியகமவில் புதிய ஆலை இயங்கத் தொடங்கியது. தாழ்நிலத்துக்கும் ஒரு விலை உண்டு. 2016 மே மாத வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது.

அதே 1998இல் கண்டியில் வேறொன்று நடந்தது. ஜனவரி 25ஆம் தேதி தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத்தாக்குதலுக்குப் பின், மாளிகைக்கு முன்னால் ஓடிய வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அவ்வழியே போய்வந்த வாகனமெல்லாம் வாவியின் மறுகரைக்குத் தள்ளப்பட்டது. கண்டிக்கு வேண்டிய பீர் முழுவதும் தாழ்நிலத்திலிருந்து லொறியில் ஏறி வரத் தொடங்கிய காலமும், நகரின் நடு வீதி ஒன்று சுருங்கிப்போன காலமும் ஒன்றே. இரண்டும் தற்செயலாகச் சேர்ந்தவைதான். ஆனாலும் விளைவு நகரின் மேல்தான் விழுந்தது. ஆலையின் வேலைவாய்ப்பையோ வரியையோ நகரம் காண்பதில்லை. அது காண்பது லொறியை மட்டும்.

அனுமதிகளின் அடுக்கு

ஒரு சிறு ஆலை தொடங்க விரும்புகிறவர் ஏற வேண்டிய படிகள் பல. முதற்படி 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். வடிப்பதற்கும், சேமிப்பதற்கும், விற்பதற்கும், கொண்டு செல்வதற்கும் அனுமதி வேண்டும் என்பது அதன் அடிப்படை. அனுமதி தருவது மதுவரித் திணைக்களம். அதற்கு மேலே நிதி அமைச்சு. கொழும்பிலிருந்து வரும் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றால் விதிகள் ஒரே நாளில் மாறலாம். 2018 ஜனவரியில், பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதியின் பணிப்பால் அது மீண்டும் வந்தது. விதி போனபோதும் வந்தபோதும் எந்த ஊரையும் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் படி நிலம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, தனக்கெனப் பிரகடனம் செய்த பகுதிகளை வலயங்களாகப் பிரிக்கிறது: குடியிருப்பு, வணிகம், கைத்தொழில், மரபுரிமை என்று. 1982ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அப்பகுதிகளில் கட்டடம் எழுப்பவும் ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றவும் அபிவிருத்தி அனுமதி தேவை; வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும். இந்த அதிகாரத்தின் பெரும்பகுதி உள்ளூராட்சி மன்றங்களிடம் கையளிக்கப்பட்டிருக்கிறது. கண்டியில் இதோடு இன்னுமொன்று சேர்கிறது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த புனித நகரம் இது. பழைய வீதிகளுக்குள் ஒரு பெயர்ப்பலகை மாற்றுவதற்கும் மரபுரிமைக் கண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி நீரும் மண்ணும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் பீர் ஆலை ஓடமுடியாது. காரணம் எளிது. ஒரு லீட்டர் பீர் வடிக்கப் பல லீட்டர் நீர் செலவாகும். அதில் பெரும்பகுதி சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த கழிவாக வெளியே வரும். வாவியிலிருந்து புறப்படும் மெத எல நகரின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு மகாவலியில் கலக்கிறது. அந்த ஓடையில் இன்னொரு கழிவைச் சேர்க்க எவரும் துணியக் கூடாது. மலைச்சரிவாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுச் சான்றும் வேண்டும். இவற்றோடு உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சோதனை, மாநகர சபை அல்லது பிரதேச சபையின் வியாபார அனுமதி என்று அடுக்கு உயர்ந்துகொண்டே போகிறது.

இத்தனை படிகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாமே ஓர் இடத்தைப் பற்றியவை: ஆலை நிற்கும் இடம், களஞ்சியம் நிற்கும் இடம், கடை நிற்கும் இடம். இடங்களை இணைக்கும் பயணத்துக்கு உள்ளது மதுவரித் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதி ஒன்றுதான். சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது, எவ்வளவு, வரி கட்டியாயிற்றா என்பவையே அதன் கவலை. எந்த வீதியால், எத்தனை மணிக்கு, எந்த அளவு வண்டியில், யார் வீட்டு முன்னால் நிறுத்தி இறக்குவது என்பவற்றை அது கேட்பதில்லை.

ஓர் அதிகாரப் பிளவும் இதில் ஒளிந்திருக்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம், மதுபானங்களை வைத்திருத்தல், கொண்டு செல்லல், வாங்கல், விற்றல் ஆகியவற்றுக்கான அனுமதிக் கட்டணத்தை மாகாண சபை நிரலில் சேர்த்தது. உள்ளூராட்சியும் மாகாணத்தின் பொறுப்பே. ஆக, முடிவு கொழும்பில், கட்டணம் மாகாணத்தில், நெரிசல் நகர வீதியில். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த, தீவின் மிகப் பழைய நகர மன்றங்களில் ஒன்றான கண்டி மாநகர சபைக்கு வீதியைப் பராமரிக்கும் கடமை இருக்கிறது. அந்த வீதியில் எது, எப்போது, எப்படி வருகிறது என்பதில் அதன் குரல் மெலிந்து கிடக்கிறது.

தூரம் என்ற அளவுகோல்

மதுக்கடை பற்றிய சட்டங்கள் உலகின் பல பகுதிகளில் தூரத்தையே நம்புகின்றன. இலங்கையிலும் பாடசாலை, வழிபாட்டிடம் ஆகியவற்றிலிருந்து இவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். தூரத்தை அளப்பது எளிது, நாடாவைப் பிடித்தால் போதும், வழக்கில் நிரூபிக்கலாம். அதிகாரியின் மனப்போக்குக்கு இடமில்லாத அளவுகோல் என்பதால் அதற்கு ஒரு நேர்மையும் உண்டு.

அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை இந்திய உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்று காட்டியது. தமிழ்நாடு அரசுக்கும் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் சாலைகளில் உயிர்கள் போகின்றன என்பதே காரணம். நியாயமான, மனிதாபிமானமுள்ள காரணம். 2017 மார்ச் 31இல், 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதன்பின் நடந்ததுதான் பாடம். சில மாநிலங்கள் நெடுஞ்சாலைகளின் பெயரையே மாற்றி நகரச் சாலைகளாக்கின. கேரளத்தின் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடம், வாசலுக்குப் போகும் பாதையைச் சுவர்களால் வளைத்து வளைத்துக் கட்டி, நடக்கும் தூரத்தை நீட்டிக் காட்டியது. கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தது. தூரம் மட்டும் கூடியது.

கண்டியின் நடுவீதிகளில் தூர அளவுகோல் இன்னும் வேகமாகத் தளர்கிறது. சில நூறு மீட்டருக்குள் தலதா மாளிகை, நான்கு தேவாலயங்கள், மல்வத்தை விகாரை, புனித பவுல் தேவாலயம், பள்ளிவாசல்கள், பிள்ளையார் கோவில், பெயர்பெற்ற பாடசாலைகள் எல்லாம் நிற்கின்றன. நாடாவை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு புனித வாசல் அகப்படும். மறுபக்கம், மாளிகைக்கு எட்டுந்தூரத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே குயின்ஸ் ஹோட்டல் நிற்கிறது. சுற்றுலா ஹோட்டல்களுக்கான மது அனுமதி தனி வகை. இவை அனைத்தையும் ஒரே நாடாவால் தீர்க்க முடியாது.

தூர விதி சரியாகவே வேலை செய்கிறது என்று கொண்டாலும், அது வாசலோடு நின்றுவிடுகிறது. கடை பாடசாலைக்கு வெகுதொலைவில் இருக்கலாம். அதற்குச் சரக்குக் கொண்டுவரும் லொறி காலை ஏழு மணிக்கு அந்தப் பாடசாலையின் வாசலை மறித்துக்கொண்டு நிற்கலாம். விதி மீறப்படவே இல்லை. பிள்ளைகள்தான் நடுவீதியில் இறங்கி நடக்கிறார்கள்.

வீதியை யார் ஆள்வது?

வீதியில் யாருக்கு உரிமை என்பது கண்டிப் பிரதேசத்தில் புதிய வழக்கல்ல. 1912இல் கம்பளை வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹர ஊர்வலம், பள்ளிவாசல் ஒன்றைக் கடக்கும்போது இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்கு வாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை விதித்தது. பௌத்த சமயத்தைக் காப்பதாக ஆங்கிலேயர் வாக்களித்த 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையைக் காட்டித் தேவாலயம் வழக்காடியது. 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த ஆண்டு மே 28இல், வெசாக் நாளில், கண்டி நகரில் தொடங்கிய வன்முறை தீவின் பல பகுதிகளுக்குப் பரவி முஸ்லிம் மக்களின் உயிரையும் உடைமையையும் அழித்தது. காலனி அரசு இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்து, மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்ற சிங்களத் தலைவர்களையும் சிறையிலடைத்தது. அந்த அடக்குமுறையை எதிர்த்துச் சட்டநிரூபண சபையில் பேசியவர் பொன்னம்பலம் இராமநாதன்.

அந்தத் துயரத்தை ஒரு லொறி நெரிசலோடு ஒப்பிட நான் வரவில்லை. அதிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுக்கிறேன். வீதி உரிமையைப் பற்றிய தகராறு மேலிருந்து வரும் ஆணையாலும் கீழிருந்து எழும் ஆத்திரத்தாலும் தீர்க்கப்படும்போது, அடுத்திருக்கும் அப்பாவிகளே அடிபடுகிறார்கள். நடுவில் ஒரு பேச்சு மேசை வேண்டும்.

அந்த மேசை ஒருகாலத்தில் இருந்தது. ஆங்கிலேய அரசு சாராயத் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டுப் பெருவருவாய் ஈட்டியது. 1904இல் மதுவிலக்கு இயக்கம் மக்கள் இயக்கமாக எழுந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கள்ளுத் தவறணைகள் பெருகும் என்ற அச்சம் வந்தபோது அது இன்னும் வலுவாக எழுந்தது. அதன் பயனாக வந்ததே உள்ளூர் வாக்கெடுப்பு முறை: ஒரு பகுதி மக்கள் வாக்களித்துத் தம் ஊர்த் தவறணையை மூடலாம். 1920களில் பல ஊர்கள் அப்படி மூடின. மதுவை வேண்டாம் என்பதற்கு மட்டும் உதவிய கருவி அது. இந்த நிபந்தனைகளோடு இருக்கட்டும் என்று சொல்ல அதில் வழியில்லை. ஆனாலும் ஊருக்குக் குரல் உண்டு என்ற கொள்கை அதில் இருந்தது. இன்று கடை அனுமதிக்கான விண்ணப்பத்தில் ஊரின் குரல் பெரும்பாலும் அதிகாரிகளின் அறிக்கைகள் வழியேதான் மேலே போகிறது.

குரலுக்கு வழி இல்லாதபோது அது தெருவுக்கு வரும். மலையகத் தோட்டங்களை அண்டிய மதுக்கடைகளை மூடக் கோரிப் பெண்கள் வீதியில் இறங்குவது அதனால்தான். கொழுந்து நிறுத்துப் பெற்ற கூலி, லயத்துக்கு வருமுன் கடை வாசலில் கரைவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கோபத்தை வியாபாரத்துக்கு இடையூறு என்று ஒதுக்கும் எந்த ஆய்வும் பொய்யானது. 2017இல் கல்குடாவில் எழுந்துகொண்டிருந்த மதுசாரத் தொழிற்சாலைக்கு எதிராக மட்டக்களப்பில் போராட்டம் நடந்தது. உள்ளூர் அனுமதி முறைப்படி பெறப்பட்டதா என்பதே அங்கும் மையக் கேள்வி. செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்கள் விரட்டப்பட்டார்கள். 2024இல் வழங்கப்பட்ட 360க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில்தான் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இது மாற வேண்டும்.

சிறிய ஆலையின் கணக்கு

இனி ஆலைக்காரரின் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு சிறிய ஆலை ஒரு தடவையில் 1,000 லீட்டர் வடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 625 மில்லிலீட்டர் போத்தலில் 1,600 போத்தல்; 50 லீட்டர் உருளையில் 20 உருளை. ஓர் உருளை நிறைந்தால் 60 கிலோவைத் தாண்டும். 20 உருளை 1,200 கிலோவுக்கு மேல். நம் ஊரில் பட்டா எனப்படும் சிறு லொறியால் இதை ஒரே நடையில் சுமக்க முடியாது, இரண்டு நடை வேண்டும்; அதைவிடப் பெரிய கன்டர் லொறியானால் ஒரே நடை போதும். ஒரு வடிப்புக்குச் சுமார் 200 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். அது நல்ல மாட்டுத்தீவனம். பால்மாடு வளர்ப்போர் எடுத்துப் போகலாம். காலிப் போத்தலும் உருளையும் திரும்பி வர வேண்டும். போகும் லொறிக்கு வரும் பயணமும் உண்டு என்பதை எந்த அனுமதிப் படிவமும் நினைப்பதில்லை.

நுணுக்கம் இன்னும் இருக்கிறது. பேராலையின் பீர் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டது; மாதக்கணக்கில் கடையில் நிற்கும். சிறிய ஆலையின் பீரை அப்படிப் பதப்படுத்துவது குறைவு; அது குளிரில் இருக்க வேண்டும், சில வாரங்களில் விற்றுத் தீர வேண்டும். முழுமதிப் போயா நாட்களில் மது விற்கக் கூடாது. தலதா மாளிகையின் எசல பெரஹர காலத்தில் ஐந்து நாள் கும்பல் பெரஹர, ஐந்து நாள் ரந்தோலி பெரஹர என்று நகர வீதிகள் மாலைதோறும் அடைபடும். பேராலை முன்கூட்டியே களஞ்சியத்தை நிரப்பிக்கொள்ளும். சிறியவரின் சரக்கு காத்திருக்காது. ஆக, எல்லோருக்கும் ஒன்றே என்று எழுதப்படும் விதி நடைமுறையில் பெரியவருக்குச் சாதகமாகச் சாய்கிறது.

சிறியவரை வேறாகப் பார்க்கலாம் என்று பிற நாடுகள் கண்டிருக்கின்றன. ஜப்பான் 1994இல் பீர் ஆலைக்கான குறைந்தபட்ச ஆண்டு உற்பத்தியை 2,000 கிலோலீட்டரிலிருந்து 60 கிலோலீட்டராகக் குறைத்தது; ஊருக்கு ஊர் சிற்றாலைகள் பிறந்தன. பிரித்தானியா 2002இல் சிற்றாலைகளுக்குத் தீர்வையைக் குறைத்தது. அங்கெல்லாம் மது பெருகவில்லையா என்ற கேள்வி நியாயமானது. மதுவின் கேடு ஆலையின் அளவைப் பார்த்து வருவதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விதித்த விளம்பரத் தடையும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்ற விதியும் சிற்றாலைக்கும் அப்படியே பொருந்த வேண்டும். சலுகை வேண்டியது குடிப்பதற்கு அல்ல. இரண்டு நடை ஓடும் பட்டா லொறிக்கும் நாள் முழுவதும் ஓடும் கனரக லொறி அணிக்கும் ஒரே படிவத்தை நீட்டுவதை நிறுத்தினால் போதும்.

விநியோகத்துக்கு ஓர் உள்ளூர் அனுமதி

பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டு அனுமதிச் சட்டம் இங்கே உதவும் ஒரு வழியைக் காட்டுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது அனுமதி நீதவான்களிடமிருந்து உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாறியது. குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், பிள்ளைகளைக் கேட்டிலிருந்து காத்தல் என்ற நான்கு நோக்கங்களை வைத்தே மன்றம் முடிவெடுக்க வேண்டும். ஸ்கொட்லாந்து தன் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுச் சுகாதாரத்தை ஐந்தாவதாகச் சேர்த்தது. அயலவர் எழுத்தில் ஆட்சேபிக்கலாம்; மன்றம் காரணம் காட்டி முடிவு சொல்ல வேண்டும்; மேன்முறையீடு உண்டு. மன்றத்துக்கு அதிகாரம் கொடுத்த அதே சட்டம், அந்த அதிகாரத்துக்கு வரம்பும் போட்டது. நமக்குத் தேவையான பாடம் இந்த இரண்டாவது பாதிதான். வரம்பில்லாத உள்ளூர் அதிகாரம், விலைபேசப்படும் அதிகாரமாக மாற அதிக நாள் ஆகாது.

கண்டிக்கு இதை எப்படிப் பொருத்தலாம்? மதுவரி அனுமதி கொழும்பிலேயே இருக்கட்டும், வரி தேசியம். ஆலையின் இடம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் வலயத் திட்டப்படியே அமையட்டும். அது பழைய வீதிகளுக்கு வெளியே, பல்லேகலை போன்ற கைத்தொழில் நிலத்தில் அமைவதே முறை. இவற்றோடு, மொத்த விநியோகத்துக்கென மாநகர சபை வழங்கும் ஒரு தனி நிபந்தனைப் பத்திரம் சேர வேண்டும். அதில் ஐந்து கேள்விகள் போதும்.

முதலாவது, எந்த வழி? மூன்று வாசல்களில் எதனால் நுழைவது, பாடசாலை வீதிகளில் எதைத் தவிர்ப்பது. இரண்டாவது, எந்த நேரம்? பாடசாலை கூடும், கலையும் நேரங்களிலும், மாளிகையில் பூசை நடக்கும் வேளைகளிலும் மாளிகைச் சுற்றாடலில் இறக்கக் கூடாது. மூன்றாவது, எந்த வண்டி? பழைய வீதிகளுக்குள் சிறு லொறி மட்டும். பெரியது நகர விளிம்பிலேயே சரக்கை மாற்ற வேண்டும். நான்காவது, எங்கே இறக்குவது? ஒவ்வொரு கடையும் ஹோட்டலும் நடைபாதையை மறிக்காத இறக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். ஐந்தாவது, என்ன திரும்புகிறது? காலிப் போத்தலும் சக்கையும் எந்த நாளில், எந்த வழியில்.

இந்த ஐந்தும் கள்ளுக்கும் சாராயத்துக்கும் பேராலைக்கும் சிற்றாலைக்கும் ஒன்றாகவே பொருந்தும். சிறியவருக்கு இவற்றை நிறைவேற்றுவது இலகு. பெரியவர் தம் ஒழுங்கை மாற்ற வேண்டியிருக்கும். நியாயமான விதி சுமையைப் பாரத்தின் அளவுக்கு ஏற்ப வைக்கும். விண்ணப்பத்தை வார்டு மட்டத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபம் கேட்க வேண்டும். மறுத்தாலும் அனுமதித்தாலும் காரணத்தை எழுத வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில், அந்தக் காரணத்தைக் குடிமக்கள் எவரும் கேட்டுப் பெறலாம்.

அரசியலமைப்பு 14ஆம் உறுப்புரையில் சட்டபூர்வமான தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தருகிறது; 9ஆம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. கண்டியில் ஒரு பீர் லொறி இந்த இரண்டு உறுப்புரைகளுக்கும் நடுவே ஓடுகிறது. அனுமதி என்பதை ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லாக மட்டும் வைத்திருந்தால், ஒருவருடைய உரிமை வெல்லும்போது மற்றவருடையது தோற்றே தீரும். எந்த வழி, எத்தனை மணி என்று கேட்டால் இருவரும் வாழ இடம் பிறக்கும். மதுவே வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு இருக்கட்டும். அது இல்லாத இடத்திலும், என் பிள்ளை நடக்கும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை கட்டாயம் இருக்க வேண்டும்.

மதுவரித் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதியில் சரக்கின் அளவுக்கும் வகைக்கும் கட்டங்கள் இருக்கின்றன. அதே தாளில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்த்து, அவற்றை நிரப்பும் பொறுப்பை மாநகர சபைக்குக் கொடுக்கலாம்: வீதியின் பெயர், இறக்கும் நேரம். 1912ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேல் கேட்காமல் விட்ட கேள்வி அந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கும்.